பொருக்கு உதிரும்வரை

நம் வயதுக்காரர்கள் யாராக இருந்தாலும் இடது கைச் சட்டையைத் தூக்கினால் இரண்டோ மூன்றோ வட்டத் தழும்பு இருக்கும். அம்மை குத்திய தழும்பு. எனக்கு நான்கு இருக்கிறது. நான்காவது ரொம்பச் சின்னது, துவரம்பருப்பு அளவு. அது எப்படி வந்தது என்று என் பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் முழுசாகச் சொல்லலாம். அப்பா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

சுதந்திரம் வந்து பதினைந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் கள்ளக்குறிச்சியில் இருந்தோம். அப்பா அம்மை குத்துகிறவர். காக்கிப் பையில் மருந்துக் குப்பி, ஒரு ஸ்பிரிட் விளக்கு, பஞ்சு, பேர் எழுதும் நோட்டு, அப்புறம் அந்தத் தகடு. காலணா அளவு வட்டத் தகடு, அடியில் சின்னச் சின்ன முள்ளாக இருக்கும், மேலே பிடிக்க ஒரு காம்பு. தோளில் மருந்தை ஒரு சொட்டு விட்டு, தகட்டை அதன்மேல் அழுத்தி ஒரு திருகு திருகுவார். அவர் வீட்டுக்குள் நுழைந்தாலே ஸ்பிரிட் வாசனை முன்னால் வரும். தெருப் பிள்ளைகள் அவர் சைக்கிளைக் கண்டால் ஓடி ஒளிவார்கள். நானும் தம்பியும் மட்டும் ஓடமாட்டோம். எங்களுக்கு அது பெருமை.

அம்மா தியாகதுருகம் பக்கத்து ஊர். சொந்தமாக ஒரு குழி நிலம் இல்லாத வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு சர்க்கார் வேலை கிடைத்த பிறகும் அவள் நாற்று நடவும் களையெடுக்கவும் போவதை நிறுத்தவில்லை. கையும் வாயும் சும்மா இருக்காது அவளுக்கு.

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பெரியம்மை வந்தது. வாசலுக்கு வாசல் வேப்பிலை செருகியிருந்தார்கள். அப்பா அந்த வட்டாரம் முழுக்க நாயாக அலைந்தார். மேலே கல்வராயன் மலையில் ஒவ்வொரு ஊராகக் குத்திக்கொண்டே வந்தவருக்கு ஒரே ஒரு ஊர் மட்டும் அடங்கவில்லை. மலையிலேயே ரொம்பப் பழைய ஊர் அது. இரண்டு தடவை போய் வாசலோடு திரும்பி வந்தார்.

"அந்த ஒரு ஊர உட்டா மத்த ஊருக்குக் குத்துனது அத்தினியும் வீண்," என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்வார். "எப்டியும் குத்திட்டுத்தான் வருவேன்."

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் என்னைக் கூட்டிப்போக முடிவு செய்தார். "எம் பொண்ணுக்கே மூணு தடவ குத்திக்கிறேன், பாருங்கன்னு காட்டுனா நம்புவாங்க," என்றார். அம்மா யோசித்தாள். கரியாலூரில் தெரிந்தவர் வீட்டில் நான்கு நாள் தங்கல், அவ்வளவுதான் என்று சொல்லி அனுமதி வாங்கினார். அம்மா எனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தாள். சிவப்பு வார் வைத்தது. அதுதான் என் முதல் செருப்பு.

கரியாலூரில் சொன்னபடியே நான்கு நாள் இருந்தோம். ஐந்தாம் நாள் காலையில் அங்கிருந்து மலை முகட்டோடு நடந்தோம். கடுக்காய் மரங்களும் மூங்கில் புதர்களும். ஓரிடத்தில் பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடியதுபோல் நான்கைந்து சின்ன அறைகள் இருந்தன. குள்ளர் வீடு என்றார் வழியில் வந்த தேன் எடுக்கிறவர். யார் கட்டியது என்று கேட்டேன். "நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்திச்சி," என்றார். நேற்று குடிவந்தவர்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து சாமியோடு மலையேறி வந்து எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டதாம்.

ஊர் எல்லையில் பாதையை அடைத்து இலந்தை முள்ளும் காரை முள்ளும் ஆள் உயரத்துக்கு வெட்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் காவல்.

"எந்த வழியா வந்த?" என்றார் ஒருவர் அப்பாவைப் பார்த்து. அந்த ஊர்ப் பேச்சில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் 'நீ'தான்.

"கரியாலூர் வழி."

"அடிவாரத்துல தங்குனியா?"

"இல்லீங்க. நாலு நாளா மேலதான் இருக்கோம்."

ஓடையில் குளித்து, போட்டிருந்த துணியை அலசி, வெயிலில் பாறைமேல் காயப்போட்டு உடுத்திக்கொண்டு வரச் சொன்னார்கள். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். ஊருக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை. அப்பா ஈரத் தலையோடு முணுமுணுத்தார்: "மூடப் பழக்கம்." அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். சில வருஷம் கழித்து, அம்மை வந்த தெருவைக் கயிறு கட்டி அடைத்து ஆள் நிறுத்தினார்கள் அப்பாவின் ஆபீஸ்காரர்கள். முள்ளுக்கும் கயிற்றுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஊர்க்காரர்கள் நோய் எப்படிப் பரவும் என்று தெரிந்துதான் வைத்திருந்தார்கள்.

முப்பது நாற்பது வீடுகள் இருக்கும். தரை வரைக்கும் இறங்கிய புல்லுக் கூரைகள், மூங்கில் தட்டியில் மண் பூசிய சுவர்கள். மரத்தடியில் ஊர்க்கவுண்டர் உட்கார்ந்திருந்தார். மலை அப்போது ஜாகீர்தார் கையில் இருந்தது. ஆனாலும் ஊருக்குள் நல்லது கெட்டதுக்கு இவர் பேச்சுதான். நாற்பது வயது இருக்கும். கொண்டை போட்டிருந்தார். அப்பா என் சட்டைக் கையைத் தூக்கித் தழும்புகளைக் காட்டிப் பேசினார். கவுண்டர் கடைசிவரை கேட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பன் காலத்துல ஒருத்தன் வந்தான். இதே மாதிரி குத்துனான். கை வீங்கிச்சி, காய்ச்சல் வந்திச்சி. ஒரு புள்ள செத்துப் போச்சி. குத்துனதால செத்துச்சா, வேற எதுனாலயான்னு யாருக்கும் தெரியல. கேக்கறதுக்கு அவன் இல்ல. குத்திட்டு எறங்கிப் போனவன் திரும்பி வரவே இல்ல."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கவுண்டரின் மனைவி என் கையைப் பிடித்து, தண்ணீர் எடுத்து வரலாம் வா என்று சுனைக்குக் கூட்டிப்போனாள். அவளை நான் அக்கா என்று கூப்பிட்டேன். சுனைத் தண்ணீர் பல் கூசுகிற மாதிரி இருந்தது. நாங்கள் குடத்தோடு திரும்பும்போது பேச்சு முடிந்திருந்தது.

அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் அப்படி என் உயரத்துக்கு இறங்கி நான் பார்த்ததில்லை.

"முதல்ல அஞ்சு புள்ளைங்களுக்குக் குத்தச் சொல்றாங்கம்மா. பொருக்கு உதிர்ற வரைக்கும் பாப்பாங்களாம். நல்லா இருந்தா ஊரே குத்திக்குமாம். ஆனா அதுவரைக்கும் உன்ன இங்க உட்டுட்டுப் போகச் சொல்றாங்க. மூணு வாரம். இருக்கியா?"

நான் கவுண்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயமாக இருந்தது. ஆனால் மூணு வாரம் இந்த மலையே என்னை நம்பி இருக்கிறது என்று நினைத்தபோது முதுகு நிமிர்ந்துவிட்டது.

"இருக்கேம்ப்பா," என்றேன்.

முதலில் எனக்கே குத்தினார். நான்காவது தடவை. பிறகு கவுண்டர் தன் கடைசி மகளைத் தூக்கி வந்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை. மற்ற பிள்ளைகளை அதற்குப் பிறகுதான் வரிசையில் விட்டார். அவள் வீறிட்டு அழுதபோது அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது, அவ்வளவுதான். மறுநாள் காலை அப்பா ஒரு பொட்டலம் பொட்டுக்கடலையை என் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

"அம்மாவுக்கு?" என்றேன்.

"அம்மாவுக்கு நா சொல்லிக்கிறேன்," என்றார்.

கவுண்டர் வீட்டில் நான் வீட்டுப் பிள்ளையாகத்தான் இருந்தேன். சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, சுட்ட பலாக்கொட்டை. வீட்டுக்குள் எப்போதும் புகை மூட்டமாக இருக்கும். தலையெல்லாம் அந்த வாசனைதான். பகலெல்லாம் பிள்ளைகளோடு காட்டில் சுற்றுவேன். ஊருக்கு மேலே மரங்கள் அடர்ந்த ஓரிடத்தில் அவர்கள் கோயில் இருந்தது. சனிக்கிழமை எல்லோரும் குளித்து அங்கே போவார்கள். என்னை மட்டும் கடைசி வீட்டருகே நிறுத்திவிட்டுப் போனாள் அக்கா. திரும்பி வந்ததும் கேட்டேன், உள்ளே என்ன சாமி, எப்படி இருக்கும் என்று.

"அது எங்களுக்கு," என்றாள். என் முகம் வாடியதைப் பார்த்து, "நீ கேட்டதும் தப்பில்ல, நா சொல்லாததும் தப்பில்ல," என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். கதவை இப்படி மரியாதையாகவும் சாத்தலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தினமும் காலையில் ஐந்து பிள்ளைகளின் தாய்மார்களும் வந்துவிடுவார்கள். பிள்ளைகளின் தோளையும் என் தோளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் எல்லோருக்கும் சிவப்புப் பொட்டு. ஐந்தாம் நாள் அவர்களுக்கெல்லாம் நீர் கோத்துக் கொப்புளம் எழுந்தது. எனக்கு மட்டும் அப்படியே காய ஆரம்பித்துவிட்டது.

"இவளுக்கு மட்டும் ஏன் வரல?" என்றாள் ஒருத்தி. "இவ அப்பன் இவளுக்கு வேற மருந்து போட்டுட்டானா?"

ஐந்து பேரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அப்பா ஊர் ஊராகச் சொல்வதை மனதில் தேடிப் பிடித்தேன். பழைய தழும்புகளைக் காட்டினேன். "எனக்கு முன்னாடியே மூணு தடவ குத்திக்குது. ஒடம்புக்கு மருந்து பழகிப் போச்சி. அதான் சீக்கிரம் காயுது. மொத தடவ எனக்கும் இப்டித்தான் பெருசா வந்திச்சி. ஒரே குப்பியிலதான் போட்டாரு, நீங்களும் பாத்தீங்க."

"ஆமா, நா பாத்தேன். ஒரே குப்பிதான்," என்றாள் அக்கா. அவர்கள் போய்விட்டார்கள். ஆனாலும் அன்றைக்கு நான் காட்டுக்குப் போகவில்லை. அப்பா இங்கே நின்று பதில் சொல்லவேண்டிய கேள்வி அது என்று எனக்குள் முதல்முதலாக ஒன்று தோன்றியது. அதைச் சட்டென்று அமுக்கிவிட்டேன்.

எட்டாம் நாள் கவுண்டரின் மகளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. கை முழங்கை வரைக்கும் வீங்கிவிட்டது. கண்ணைத் திறக்கவில்லை. ஊர் மெதுவாக அந்த வீட்டு முன்னால் கூடியது. ஒருவரும் என்னைத் திட்டவில்லை, என்னிடம் பேசவும் இல்லை. கவுண்டர் கேட்டார்:

"உங்கப்பன் இதப்பத்தி எதுனா சொன்னானா?"

"எட்டாம் நாள் காய்ச்சல் வரும், பத்தாம் நாள் எறங்கிடும்னு சொல்வாரு. எல்லா ஊர்லயும் அப்டித்தான் சொல்வாரு," என்றேன். கை வீங்கினால் என்ன செய்வது என்று அவர் சொன்னது எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வராமலே அந்தக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த மத்தியானம்தான் முள்வேலிப் பக்கம் சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த குரல். ஓடினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். காலெல்லாம் கீறல். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். நடந்தது இதுதான்: அப்பா அம்மாவிடம் என்னைத் திருக்கோவிலூரில் அத்தை வீட்டில் விட்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரம் கழித்து கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவுக்கு வந்த அந்த அத்தையே எங்கள் வீட்டில் எட்டிப் பார்த்து, "எங்க பெரியவ?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். அப்பா அப்போது வேறு முகாமில். அம்மா தம்பியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, அப்பாவோடு வேலை பார்ப்பவர்களைத் தேடிப் பிடித்து ஊர்ப் பேரை வாங்கி, அடிவாரத்திலிருந்து குறுக்குப் பாதையில் தனியாக ஏறி வந்திருந்தாள்.

"வாடி, போலாம்," என்றாள் என்னைப் பார்த்ததும்.

காவல் ஆள், "நீ அடிவாரத்து வழியா வந்துக்கிற. உள்ள வரக்கூடாது," என்றார்.

"உள்ள வர்றதுக்கு நா வரல. எம் பொண்ண அனுப்புங்க. பச்சப் புள்ளயப் புடிச்சி வச்சிக்கினு, நீங்கல்லாம் இன்னா மனுசங்க?"

கவுண்டரும் அக்காவும் வந்துவிட்டார்கள். அக்காவின் மகள் உள்ளே காய்ச்சலில் கிடந்தாள். அவள் கோபப்பட்டிருக்கலாம். கோபப்படவில்லை. வேலியருகே வந்து நின்று சொன்னாள்:

"கூட்டிக்கினு போ. யாரும் புடிச்சி வைக்கல. நாங்க புள்ளயக் கேக்கவே இல்ல."

"கேக்காமதான் உட்டுட்டு வந்தாரா?"

கவுண்டர்தான் பதில் சொன்னார். "உன் புருசன இருக்கச் சொன்னோம். குத்துனவன் கண்ணு முன்னால இருக்கணும்னுதான் கேட்டோம். எனக்கு வேற ஊருக்குப் போகணும், எம் பொண்ண உட்டுட்டுப் போறேன்னு அவன்தான் சொன்னான். வேணாம்னு ரெண்டு தடவ சொன்னேன். நீ உன் மகளக் குடுக்கற, நா என் மகளக் குடுக்கறேன், சரியாப் போச்சின்னு சொன்னான். புள்ள சம்மதிச்சா இருக்கட்டும்னு உட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். என்னிடம் அப்பா சொன்னது வேறு என்பது என் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். அந்த நொடியில் அம்மாவின் கோபம் ஊரை விட்டு இறங்கி வேறு பக்கம் போனதை நான் பார்த்தேன்.

"சரி. வா," என்றாள், குரல் தணிந்து.

எனக்குப் போகவேண்டும்போல இருந்தது. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இறங்கிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் உள்ளே அந்தக் குழந்தை கிடந்தது. இப்போது போனால், கவுண்டரின் அப்பா காலத்தில் குத்திவிட்டு இறங்கிப் போனவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

"நா வரலம்மா," என்றேன். "அந்தப் பாப்பாவுக்குக் காய்ச்சல் எறங்கணும். அப்புறமும் பொருக்கு உதிரணும். அதுவரைக்கும் இருக்கேன்னு சொல்லிட்டேன்."

"உங்கப்பா சொன்னதுக்கு நீ எதுக்குடி?"

"நானும் சொன்னேம்மா."

அம்மாவின் கை உயர்ந்தது. நடுவில் முள் இல்லாமல் இருந்திருந்தால் அறை விழுந்திருக்கும். கையை அப்படியே இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு பாறைமேல் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கவுண்டரிடம் பேசினாள்.

"கவுண்டரே, குத்துனவரு இல்ல. அவரு பொஞ்சாதி நா இருக்கேன். எதுனா ஆனா எங்கிட்ட கேளுங்க. உள்ள வரல. இங்கயே இருக்கேன்."

பக்கத்துச் சாமைக் கொல்லையில் காவல் குடிசை ஒன்று இருந்தது. அதைக் காட்டினார் கவுண்டர்.

அப்புறம் அம்மா வேலியோரம் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டாள். பால் குடிக்கிறாளா, ஒன்றுக்குப் போகிறாளா, வீக்கம் எதுவரைக்கும். "கொப்புளத்தத் தொடாதீங்க. மேல எதையும் பூசாதீங்க. ஒடம்ப ஈரத்துணியால தொடச்சி உடுங்க. கஞ்சித் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. எம் புள்ளைங்க ரெண்டுத்துக்கும் இப்டித்தான் வீங்கிச்சி." நான் அங்கும் இங்கும் ஓடி அவள் சொன்னதை உள்ளே சொன்னேன், உள்ளே கேட்டதை அவளிடம் கேட்டேன். அப்பாவின் வேலையில் பாதி அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரியாது.

மறுநாளும் காய்ச்சல் இறங்கவில்லை. அக்கா சோற்றை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு வந்தாள், அம்மா தொடவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை குழந்தை கண்ணைத் திறந்து களி வேண்டும் என்று அழுதது. நான் வேலிக்கு ஓடி அதைச் சொன்னதும் அம்மா போய், பாறைமேல் ஆறிக் கிடந்த சோற்றை எடுத்துச் சாப்பிட்டாள்.

பொருக்கு உதிர இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தது. இனிமேல் பயமில்லை, போய் வாருங்கள் என்று கவுண்டரே சொன்னார். அம்மா அசையவில்லை. "உதிர்ற வரைக்கும்னுதான பேச்சு?" என்றாள். சும்மா உட்கார்ந்து தின்ன அவளால் முடியாது. அந்தச் சாமைக் கொல்லையில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். தினமும் பொறுக்கி ஓரத்தில் அடுக்கினாள். சாயங்காலம் நானும் அக்காவும் வேலிக்கு இந்தப் பக்கமும் அம்மா அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுவோம். முதலில் அக்கா 'நீ' என்று பேசுவது அம்மாவுக்கு உறுத்தியது. நான்காம் நாள் அவளும் 'நீ' என்று ஆரம்பித்துவிட்டாள். அக்காவின் கொண்டைப் பின்னல் எப்படிப் போடுவது, சாமையை உமி போகக் குத்துவது எப்படி, அவரவர் மாமியார் எப்படி என்று எல்லாம் பேசினார்கள். அப்பாவைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை.

இருபத்திரண்டாம் நாள் அப்பா வந்தார். சொன்ன நாளுக்கு வந்துவிட்டார், அதையும் சொல்லவேண்டும். காக்கிப் பையோடு வேகமாக ஏறி வந்தவர், கொல்லையில் முந்தானையில் கல் கட்டிக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்கே போகாமல், மலைமேல் இருந்த முகாமிலிருந்து நேரே வந்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அம்மா அவரைப் பார்த்துவிட்டு, வேலிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "கவுண்டரே, குத்துனவரு வந்துட்டாரு."

பிறகு அவரிடம், "எல்லாத்துக்கும் பொருக்கு உதுந்துடிச்சி. போய்க் குத்துங்க," என்றாள்.

அப்பா ஓடையில் குளித்து உள்ளே வந்ததும் ஊரே வரிசையில் நின்றது. கவுண்டர் முதலில் தன் தோளைக் கொடுத்தார், அடுத்து அக்கா. நான் பஞ்சு எடுத்துக் கொடுத்தேன், நோட்டில் பேர் எழுதினேன். அப்பா தலை நிமிராமல் குத்திக்கொண்டே இருந்தார். முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வேலி தாண்டி வந்து என் செருப்பைத் தேடினேன். கோடை மழையில் ஊறி, சிவப்பு வாரைக் கறையான் தின்றிருந்தது. அக்கா ஒரு மூங்கில் குழாயில் தேன் கொடுத்தாள். அம்மாவும் அவளும் தொட்டுக்கொண்டது அப்போதுதான். இத்தனை நாளும் இடையில் முள்.

கரியாலூர் வரும்வரை அம்மா முன்னால் நடந்தாள், நான் நடுவில், அப்பா கடைசியில். ஒரு இடத்தில் திரும்பாமலே கேட்டாள்:

"எங்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

"சொன்னா உட்டிருக்க மாட்ட."

"உட்டிருக்க மாட்டேன்," என்றாள். "நானே வந்து இருந்திருப்பேன்."

அப்பா காக்கிப் பையைத் தோள் மாற்றிக்கொண்டார். நாங்கள் நடந்தோம்.

அந்த வருஷம் அந்த ஊருக்குள் அம்மை ஏறவில்லை. அப்பாவுக்கு மேலதிகாரி பாராட்டுக் கடிதம் கொடுத்தார். அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினார். யார் வந்து கேட்டாலும் கதை சொல்வார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. மலைக்காரர்கள் கத்தியோடு சுற்றி நின்றார்கள், பெண்ணைப் பணயமாக வைத்தால்தான் ஆச்சு என்று கேட்டார்கள், நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு விட்டுவிட்டு வந்தேன் என்பார். அந்தக் கதையில் அம்மாவே கிடையாது. அவர் ஆரம்பித்தால் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவாள். நானும் வாயைத் திறந்ததில்லை. பெரியவர்களை எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று எனக்கு நல்ல பேர் இருந்தது. அந்தப் பேரை விட மனசில்லை.

தம்பிக்குப் பெண் நிச்சயமாகி, பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். எனக்கு அப்போது முப்பத்துமூன்று. என் மகளுக்குப் பத்து. பந்தியில் சம்பந்தி அந்தக் கடிதத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அப்பா ஆரம்பித்தார். என் மகள் அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "உங்கம்மாவக் குடுத்தாத்தான் ஆச்சுன்னு நின்னானுங்கம்மா," என்று அவள் தலையைத் தடவினார்.

நான் அவளைப் பார்த்தேன். அவ்வளவு சின்னத் தோள். நானும் அப்போது அந்த அளவுதான் இருந்திருப்பேன்.

"அவங்க கேக்கலப்பா," என்றேன். "உங்களத்தான் இருக்கச் சொன்னாங்க. நீங்கதான் என்ன உட்டுட்டு வந்தீங்க. உங்களுக்குப் பதிலா அம்மா போய் இருந்தாங்க."

பந்தி நின்றுவிட்டது. தம்பி என்னை முறைத்தான். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபத்தில் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தேன்.

"ஆமா," என்றார் கடைசியில். சம்பந்தியைப் பார்த்து, மெதுவாக. "நாந்தான் உட்டுட்டு வந்தேன். இவ போய் அங்க பதினாலு நாளு கல்லு பொறுக்கிக்கினு இருந்தா."

அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அதற்குப் பிறகும் அப்பா அந்தக் கதையை நிறையப் பேரிடம் சொன்னார், சாகிறவரைக்கும். ஒவ்வொரு தடவையும் நடந்ததை நடந்தபடியே சொன்னார். கேட்கிறவர்களுக்கு முன்னே சொன்ன கதை அளவுக்கு அது பிடிக்கவில்லை. பாதியில் பேச்சை மாற்றுவார்கள். அவர் விடமாட்டார். கொல்லையில் அம்மா கல் அடுக்கியதுவரை சொல்லிவிட்டுத்தான் நிறுத்துவார்.